சீனச் சக்கரவர்த்தியின் மிலான் ஓவியர்

நம் பக்கத்தில் மூக்குப்பொடி போடுகிறவர்கள் பொடியை வாழை மட்டையிலோ தகர டப்பியிலோ வைத்திருப்பது வழக்கம். மேனாட்டுப் பிரபுக்கள் தங்கத்திலும் தந்தத்திலும் சிமிழ் செய்து வைத்துக்கொண்டார்கள். சீனர்களோ பொடிக்குக் குப்பி செய்தார்கள். நாலைந்து அங்குலத்துக்கு மேற்படாத குட்டிக் குப்பி, உள்ளங்கையில் அடங்கிவிடும். மூடியோடு சேர்ந்தாற்போல் ஒரு சிறு கரண்டி உள்ளே தொங்கும். அதில் துளிப் பொடி எடுத்து விரல் நகத்தில் தட்டி உறிஞ்சுவார்கள். பொடி ஈரம் படாமல் இருக்கச் சிமிழைவிடக் குப்பியே மேல் என்பது அவர்கள் அனுபவம்.

இந்தக் குப்பிகளிலே ஒரு ரகம் உண்டு. அதில் டிராகனும் இல்லை, தாமரையும் இல்லை. ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி உட்கார்ந்திருப்பாள். பழுப்பு நிறக் கூந்தல், ரோஜா நிறக் கன்னம், கழுத்து இறங்கிய கவுன், அருகே ஒரு குழந்தை, பின்னால் கல் கட்டடமும் நீல மலையும். குப்பியைத் திருப்பி அடிப்பாகத்தைப் பார்த்தால், சியென்லுங் சக்கரவர்த்தி காலத்தில் செய்யப்பட்டது என்று நீல வர்ணத்தில் நான்கு சீன எழுத்துக்கள். இத்தகைய குப்பி ஒன்று கைக்கு வந்துவிட்டால் புராதனப் பொருள் வியாபாரி உடனே ஒரு பெயரைச் சொல்லிவிடுவார்: லாங் ஷிநிங்.

பெயரைக் கேட்டால் சீனர் என்று தோன்றும். ஆனால் அவர் இத்தாலியர். பெற்றோர் வைத்த பெயர் ஜியுசெப்பே காஸ்டில்யோனே. ஐம்பத்தோரு ஆண்டுகள் பீக்கிங் அரண்மனையில் மூன்று சக்கரவர்த்திகளிடம் ஊழியம் பார்த்து, அந்த மண்ணிலேயே அடக்கமானவர். சீனச் சித்திர சரித்திரத்தில் இடம் பெற்ற ஐரோப்பியர்களில் இவருக்கு ஈடாக வேறொருவரைச் சொல்வதற்கில்லை.

மிலானிலிருந்து பீக்கிங்குக்கு

1688ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் தேதி மிலான் நகரில் காஸ்டில்யோனே பிறந்தார். இளம் வயதிலேயே சித்திரத் தொழில் கற்றுத் தேர்ந்தார். 1707இல், பத்தொன்பது வயதுகூட நிரம்பாத நிலையில், ஜெனோவா நகரில் இயேசு சபையில் சேர்ந்தார். குருப்பட்டம் பெறுவதற்காக அல்ல, சாதாரணச் சகோதரராக. கடைசி வரையில் அவர் சகோதரராகவே இருந்தார். பூசை வைக்கவோ பாவசங்கீர்த்தனம் கேட்கவோ அவருக்கு அதிகாரமில்லை. சபைக்கு அவர் கொடுத்த காணிக்கை அவருடைய தூரிகைதான்.

அந்த நாளில் சீனாவில் காங்ஷி சக்கரவர்த்தி ஆண்டுகொண்டிருந்தார். மஞ்சு வம்சத்தின் மகாப் பெரிய அரசர் அவர். கணிதம், வான சாஸ்திரம், கடிகாரம், மருந்து என்று மேனாட்டாரிடமிருந்து எதைக் கற்கலாம் என்று துருவித் துருவி விசாரிப்பார். மூக்குப்பொடி விஷயத்திலும் அப்படியே. 1684இல் அவர் தெற்கே யாத்திரை வந்தபோது நான்கிங் நகரில் இயேசு சபைப் பாதிரிமார் இருவர் சில காணிக்கைகளைச் சமர்ப்பித்தார்கள். சக்கரவர்த்தி மற்றவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மூக்குப்பொடியை மட்டும் வைத்துக்கொண்டாராம். 1696இல் கிலியன் ஸ்டும்ப் என்ற ஜெர்மன் பாதிரியாரைக் கொண்டு அரண்மனைக்கென்று ஒரு கண்ணாடிப் பட்டறையும் ஏற்படுத்தினார். நல்ல ஓவியர் ஒருவரை அனுப்புங்கள் என்று பீக்கிங்கிலிருந்து ஐரோப்பாவுக்குக் கோரிக்கை போயிற்று. சபை மேலிடம் காஸ்டில்யோனேயைத் தேர்ந்தெடுத்தது.

கிழக்கே போகிறவர்கள் போர்த்துகல் வழியாகத்தான் போக வேண்டும். அங்கே கோயிம்பிரா நகரத்தில் ஒரு சிற்றாலயத்துக்குச் சித்திரம் எழுதும் வேலை அவரைச் சில ஆண்டுகள் நிறுத்திவைத்தது. 1714 ஏப்ரலில் லிஸ்பனில் கப்பல் ஏறி, கோவா வழியாக, 1715 கோடையில் மக்காவ் துறைமுகத்தில் இறங்கினார்.

தமிழ் வாசகருக்கு இந்தக் கப்பல் பாதை பழக்கமானதுதான். நம் வீரமாமுனிவரும் இதே சபையைச் சேர்ந்தவர். இதே லிஸ்பனில் கப்பல் ஏறி 1710இல் கோவாவில் இறங்கியவர். வீரமாமுனிவர் பிறந்த ஊரின் பெயரும் காஸ்டில்யோனே என்பது ஒரு வேடிக்கையான பொருத்தம். ஒருவர் தமிழ்நாட்டுக்கு வந்து தேம்பாவணி பாடினார். மற்றவர் பீக்கிங்குக்குப் போய்க் குதிரை எழுதினார். இருவரும் தத்தம் ஊரின் உடையை உடுத்தி, ஊர்ப் பெயரைச் சூடி, அந்த ஊர்க்காரராகவே ஆகிப்போனார்கள்.

பிடிக்காத வேலை

1715 கடைசியில் காஸ்டில்யோனே பீக்கிங்கை அடைந்தார். சக்கரவர்த்தியின் முன் அவரைக் கொண்டுபோய் நிறுத்தியபோது மொழிபெயர்த்தவர் மத்தேயோ ரிப்பா என்ற இன்னோர் இத்தாலியப் பாதிரியார். காங்ஷிக்கு அப்போது வயது அறுபதுக்கு மேல். மதப் பிரசாரத்தில் அவருக்கு அக்கறை இல்லை. கைவேலையில் அளவு கடந்த அக்கறை.

அந்தச் சமயத்தில் காங்ஷியின் மனத்தை ஆட்டிவைத்தது எனாமல் வேலை. செம்பிலோ கண்ணாடியிலோ செய்த பாத்திரத்தின் மேல், பொடி செய்த வர்ணக் கண்ணாடியை எண்ணெயில் குழைத்துச் சித்திரம் எழுதி, சூளையில் வைத்து உருக்கிப் பதிப்பது. கேட்கச் சுலபமாகத் தோன்றும். செய்துபார்த்தால் தெரியும் கஷ்டம். எழுதும்போது ஒரு நிறம். சூளையிலிருந்து வெளியே வரும்போது வேறு நிறம். சூடு சற்று மிஞ்சினால் சீமாட்டியின் கண்ணும் மூக்கும் வழிந்து ஓடிவிடும். குறைந்தால் மங்கிப்போய்ச் சாம்பல் பூத்தாற்போல் நிற்கும். ஒரே குப்பியைப் பலமுறை சூளைக்கு அனுப்ப வேண்டும். கடைசிச் சூட்டில் விரிசல் விட்டால் அத்தனை நாள் உழைப்பும் குப்பைக்கு.

1716இல் ரிப்பாவையும் காஸ்டில்யோனேயையும் எனாமல் எழுதச் சொல்லி உத்தரவாயிற்று. இருவருக்கும் அந்த வேலை தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. கற்றுக்கொண்டுவிட்டால் காலை முதல் மாலை வரை அரண்மனைப் பட்டறையில் கூலியாட்களோடு உட்கார்ந்தே ஆயுள் கழிந்துவிடும் என்று அஞ்சினார்கள். ஆகவே இருவரும் கூடிப் பேசி, கற்றுக்கொள்வதே இல்லை என்று தீர்மானித்துவிட்டார்கள்! அவர்கள் எழுதிக் கொடுத்ததைப் பார்த்த சக்கரவர்த்தி, போதும் நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டாராம். இதை ரிப்பாவே பின்னாளில் ஒளிக்காமல் எழுதிவைத்திருக்கிறார். 1719இல் கிராவரோ என்ற பிரெஞ்சுக்காரர் வந்து எனாமல் வேலையை ஏற்றுக்கொண்டார்.

பொடிக் குப்பி என்றதும் எந்த ஓவியரின் பெயரை வியாபாரி முதலில் உச்சரிக்கிறாரோ, அந்த ஓவியர் அந்த வேலையைக் கைகழுவப் பார்த்தவர் என்பதை நினைக்கும்போது சிரிப்பு வராமல் இருக்காது. ஆனால் முழுவதும் தப்பிவிட்டார் என்றும் சொல்ல முடியாது. அரண்மனைப் பட்டறைக் குறிப்பேடுகளில் அவர் பெயர் அடிக்கடி தென்படுகிறது. அவர் எழுதிய பூவையும் பறவையையும் முகத்தையும் பார்த்துப் பழகிய சீனத் தொழிலாளிகளின் கை, மேனாட்டு முகத்துக்கு ஒளியும் நிழலும் கொடுக்கக் கற்றது.

இரண்டாம் எஜமானர்

1722 டிசம்பரில் காங்ஷி காலமானார். மகன் யோங்செங் பட்டத்துக்கு வந்தார். 1724இல் கிறிஸ்தவ மதத்துக்குத் தடை பிறந்தது. மாகாணங்களில் இருந்த கோயில்கள் பறிமுதலாயின. பாதிரிமார் கான்டன் துறைமுகத்துக்குத் துரத்தப்பட்டார்கள். கிறிஸ்தவர்களாகிவிட்ட மஞ்சு ராஜ குடும்பம் ஒன்று நாடு கடத்தப்பட்டது. அரண்மனைக்கு வேண்டிய வான சாஸ்திரிகளும் ஓவியர்களும் மாத்திரம் தலைநகரில் இருக்கலாம் என்று விதிவிலக்கு.

தன் மதத்தைத் தடை செய்தவருக்குத்தான் காஸ்டில்யோனே படம் எழுத வேண்டியிருந்தது. அவர் தூரிகை நின்றால் பீக்கிங்கில் மிச்சமிருக்கும் நாலு பாதிரிமாரின் கதி என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். அவர் விடாமல் எழுதினார்.

1723இல் யோங்செங் பட்டமேற்ற புதிதில் ஒரு பூச்சாடிச் சித்திரம் எழுதிக் கொடுத்தார். ஒரே காம்பில் இரட்டைத் தாமரை, ஒரே தாளில் பல கதிர் விட்ட தானியம் என்று நல்ல சகுனங்களாகக் கூட்டிய படம். சாடியின் வழவழப்பில் ஜன்னல் வெளிச்சம் விழுவதுபோல் ஒரு மினுக்கு. சீன ஓவியர்களுக்கு அது புதுமை.

1728இல் முடித்த நூறு குதிரைகள் சித்திரம்தான் அவருக்குச் சாசுவதமான புகழைத் தந்தது. பட்டில் எழுதிய நீளச் சுருள். ஏறக்குறைய எட்டு மீட்டர் நீளம். உயரமோ ஒரு மீட்டர்கூட இல்லை. அதில் நூறு குதிரைகள். மேய்கிறது ஒன்று, புரள்கிறது ஒன்று, மரத்தில் உடம்பைத் தேய்த்துக்கொள்கிறது ஒன்று. எலும்பும் தோலுமாக நிற்கிற குதிரையும் உண்டு. கடைசியில் சில குதிரைகள் ஆற்றில் இறங்குகின்றன. குளம்புக்குக் கீழே நிழல் விழுந்திருக்கிறது. இது இப்போது தைப்பே நகரத்து அரண்மனைப் பொருட்காட்சிச் சாலையில் இருக்கிறது. இதற்காக அவர் முன்னதாகப் போட்ட முழு நீளக் கோட்டுச் சித்திரம் நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் இருக்கிறது. பட்டில் ஒரு கோடு தவறினால் அழிக்க வழியில்லை. சக்கரவர்த்தி முன்மாதிரியைப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே பட்டில் கை வைக்க வேண்டும்.

யோங்செங்கைப் பற்றி ஒரு விசித்திரம். மேனாட்டு மதத்தை ஒடுக்கிய அதே மனிதர், வெள்ளைக்காரப் பிரபுவைப் போல் சுருட்டை டோப்பா வைத்துக்கொண்டு புலி வேட்டையாடுவதாகத் தம்மை ஒரு படத்தில் எழுதச் செய்திருக்கிறார். அரண்மனை ஓவியர் எவரோ எழுதியது, கையெழுத்தில்லை. மேனாட்டு வேடம், மேனாட்டுச் சீமாட்டி, மேனாட்டுக் கட்டடம் எல்லாம் சீன அரண்மனைக்கு விளையாட்டுப் பொம்மை மாதிரி. நம் ஊர் ஜமீன்தார் சீமைக் கடிகாரத்தை ஹாலில் வைத்த மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். பொடிக் குப்பியில் அந்தச் சீமாட்டி வந்து உட்கார்ந்ததும் இந்த ரசனையால்தான்.

முழந்தாளிட்ட மூன்று தடவை

1735இல் யோங்செங் மறைந்தார். அடுத்து வந்தவர் சியென்லுங். வயது இருபத்து நாலு. இளவரசராக இருக்கும்போதே காஸ்டில்யோனேயின் அறைக்கு வந்து படம் எழுதுவதை வேடிக்கை பார்த்துப் பழகியவர். பட்டத்துக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. அநேகமாகத் தினமும் வருவார். 1736இல் புதுச் சக்கரவர்த்தியையும் பட்டத்தரசியையும் அந்தப்புர ஸ்திரீகளையும் வரிசையாக எழுதும் சுருளைக் காஸ்டில்யோனே ஆரம்பித்தார். அது இன்று அமெரிக்காவில் கிளீவ்லண்ட் மியூசியத்தில் இருக்கிறது.

இவர்களில் அழகி யார் என்று சியென்லுங் ஒரு நாள் கிண்டலாகக் கேட்டதாக ஒரு கதை உண்டு. சகோதரர், நான் அவர்களைப் பார்க்கவில்லை, அரண்மனை ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தேன் என்றாராம். எத்தனை என்று கேட்டதற்கு ஓர் எண்ணிக்கை சொன்னாராம். காவலாளியை விட்டு எண்ணிப் பார்த்ததில் கணக்குச் சரியாக இருந்ததாம். கதை எப்படியிருந்தாலும், அரண்மனையில் வாழ்ந்த சந்நியாசி எவ்வளவு எச்சரிக்கையாக நடக்க வேண்டியிருந்தது என்பதற்கு இது பொருத்தமான கதை.

ஆனால் எச்சரிக்கையைக் காற்றில் விட்ட நாட்களும் அவர் வாழ்வில் உண்டு. 1736 வசந்த காலத்தில் மஞ்சு படைப்பிரிவுக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் கிறிஸ்தவ மதத்தில் சேரக் கூடாது என்று கடுமையான உத்தரவு பிறந்தது. பாதிரிமார் மனு எழுதினார்கள். மந்திரிகள் மூலம் அனுப்பினால் அது சக்கரவர்த்தியின் கண்ணில் படுமா என்பதே சந்தேகம். தினமும் அவரை நேரில் காண்கிறவர் ஒருவர்தான். வழக்கம்போல் சியென்லுங் வந்து படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கையில் காஸ்டில்யோனே தூரிகையை வைத்துவிட்டு முழந்தாளிட்டார். கண்ணீர் விட்டார். மஞ்சள் பட்டில் சுற்றிய மனுவை எடுத்து நீட்டினார். சுற்றி நின்ற அரண்மனை ஊழியர்கள் நடுங்கிப்போனார்கள். முன் அனுமதியில்லாமல் சக்கரவர்த்திக்கு மனு நீட்டுவது தலை போகிற காரியம்!

சியென்லுங் கோபிக்கவில்லை. உங்கள் மதத்தை நான் கண்டிக்கவில்லை, படைப்பிரிவினர் சேரக் கூடாது என்பதுதான் கட்டளை என்று சமாதானம் சொல்லி, மனுவைப் படித்துப் பார்ப்பதாகவும் சொன்னார். அதற்குப் பிறகு ஓவியர் அரண்மனைக்குள் நுழையும்போதெல்லாம் மடியில் காகிதம் எதுவும் இருக்கிறதா என்று சோதிக்கத் தொடங்கினார்கள்.

1737இல் மறுபடியும் முழந்தாளிட்டார். அநாதைக் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஒரு சீனக் கிறிஸ்தவர் தண்டனைக்குள்ளானதை ஒட்டி அந்த முறையீடு. 1746இல் ஃபூகியன் மாகாணத்தில் ஸ்பானிஷ் பாதிரிமார் பிடிபட்டபோது மூன்றாம் தடவை. அப்போது கிடைத்த பதில், மனத்தை அமைதியாக வைத்துக்கொண்டு படத்தை எழுதும் என்பதுதான். மறு ஆண்டு பிடிபட்டவர்களில் ஒருவரான பேதுரு சான்ஸ் என்ற ஆயர் சிரச்சேதம் செய்யப்பட்டார்.

சக்கரவர்த்திக்கு ஓவியர் மேல் இருந்த பிரியத்தில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பிரியத்தால் ஒரு சட்டம்கூட மாறவில்லை. தூரிகையால் மதத்துக்கு வழி திறக்கலாம் என்று நம்பி அனுப்பிய சபையின் கணக்கு பொய்த்துவிட்டது. இதைக் காஸ்டில்யோனே உணராமலா இருந்திருப்பார்? உணர்ந்தும் இன்னும் இருபது ஆண்டுகள் எழுதினார்.

நிழல் வேண்டாம்

சித்திர விஷயத்திலும் அவர் இஷ்டம் நடக்கவில்லை. மேனாட்டு முறையில் முகத்தின் ஒரு பக்கம் வெளிச்சம், மறு பக்கம் நிழல். சீனர் கண்ணுக்கு அந்த நிழல் அழுக்குப்போல் தெரிந்தது. ஆகவே அவர் வெளிச்சம் நேர் எதிரிலிருந்து விழுவதுபோல் வைத்து, மூக்கின் ஓரத்திலும் தாடையின் கீழும் இருக்கிறதோ இல்லையோ என்னும்படி நிழல் தொட்டு எழுதும் முறையைக் கண்டுபிடித்தார். எண்ணெய் வர்ணத்தை விட்டு, பட்டில் நீர் வர்ணத்துக்கு மாறினார். முகமும் குதிரையும் இவருடையது. மலையும் மரமும் சீன ஓவியருடையது என்று ஒரே படத்தில் இரண்டு மூன்று கை சேர்வதும் உண்டு. பின்னால் வந்து சேர்ந்த அத்திரே என்ற பிரெஞ்சு ஓவியர், கற்றதையெல்லாம் மறக்க வேண்டியிருக்கிறது என்று ஊருக்கு எழுதிப் புலம்பினார்.

இத்தனை விட்டுக்கொடுத்தும் சீனப் பண்டித ஓவியர்கள் அவரைத் தங்களுக்குச் சமமாக ஏற்கவில்லை. உருவம் அச்சாக இருக்கிறது, வீடு வரைந்தால் உள்ளே நடந்துபோகலாம் போலிருக்கிறது, ஆனால் தூரிகையில் உயிர் இல்லை, இது கொத்தனார் வேலை என்பது அவர்களின் தீர்ப்பு. பீக்கிங் கிறிஸ்தவக் கோயிலின் சுவரில் அவர் தீட்டிய மண்டபத்தைப் பார்த்து அசல் மண்டபம் என்று ஏமாந்தவர்கள் உண்டு. இந்த வித்தையைச் சீனர்களுக்குக் கற்பிக்க நியான் ஷியாவ் என்ற அதிகாரி 1729இல் ஒரு நூல் வெளியிட்டார். அதற்கு உதவியவரும் காஸ்டில்யோனேதான்.

குப்பியின் வயதைக் கண்டுபிடிப்பது

இந்த இடத்தில் கதையைச் சற்று நிறுத்திவிட்டு மறுபடியும் பொடிக் குப்பிக்கு வருவோம். எந்தக் குப்பியை அந்தச் சகோதரரின் காலத்தோடு சேர்க்கலாம், எதைச் சேர்க்கலாகாது?

எனாமலின் ரோஜா நிறம் ஒரு நல்ல சாட்சி. தங்கத்தைக் கரைத்துச் செய்யும் நிறம் அது. 1720 வாக்கில்தான் சீனாவில் பரவ ஆரம்பித்தது. சீமாட்டியின் கன்னத்தில் அந்த ரோஜா இருந்தால் குப்பி அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. பிந்தியதாக எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம், அங்கேதான் சங்கடம். அடியில் உள்ள நான்கு எழுத்துக்களை நம்பி மோசம் போனவர்கள் ஏராளம். போன சக்கரவர்த்தியின் பெயரைப் பின்னால் வந்தவர்கள் போட்டுக்கொள்வதைச் சீனத்தில் பெருங்குற்றமாக யாரும் எண்ணியதில்லை. அசல் அரண்மனை வேலையில் வெள்ளை எனாமல் பூச்சு பால்போல் சமமாக இருக்கும். முகம் இமைமயிர் வரை புள்ளி புள்ளியாகக் குழைந்து உருண்டு நிற்கும். நகலில் முகம் தட்டையாக, கோடு கிழித்த பொம்மைபோல் இருக்கும்.

இன்னொரு வகை, கண்ணாடிக் குப்பியின் உட்புறத்தில் எழுதுவது. பட்டாணி அளவு வாய் வழியாக வளைந்த முனையுள்ள மூங்கில் குச்சியை விட்டு, உள் சுவரில், இடம் வலம் மாற்றித் தலைகீழ்க் கணக்கில் எழுத வேண்டும். வெளியே எழுதும்போது கடைசியில் வைக்கும் கண்மணியை உள்ளே முதலில் வைக்க வேண்டும். யாரோ ஒருவர் காலியான குப்பியின் சுவரில் ஒட்டியிருந்த கடைசிப் பொடியைக் குச்சியால் சுரண்டியபோது விழுந்த கீறலைப் பார்த்து இந்த யோசனை பிறந்தது என்று சீனாவில் கதை சொல்வார்கள். வர்ணம் பிடிப்பதற்காக மணலையோ இரும்புக் குண்டுகளையோ தண்ணீரோடு உள்ளே போட்டுக் குலுக்கி, சுவரைச் சொரசொரப்பாக்கிக்கொள்வார்கள்.

இந்த வித்தை பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் தோன்றியது. காஸ்டில்யோனே இறந்து அதற்குள் ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிவிட்டது. சியென்லுங்கும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆகையால் உட்புறத்தில் சீமாட்டி எழுதியிருந்து, சியென்லுங் முத்திரையும் இருந்தால், முத்திரை பொய் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

உட்சித்திரத்தில் உள்ள முகம் கறுப்பு வெள்ளையில், போட்டோவைப் பார்த்து எழுதியது மாதிரி இருந்தால், குப்பி இன்னும் பிந்தியது. அந்த வகையில் பெயர் பெற்றவர் பீக்கிங்கைச் சேர்ந்த மா ஷாவ்ஷுவான் என்ற முஸ்லிம் ஓவியர். 1867இல் பிறந்து 1939இல் காலமானவர். ஒரு புறம் முகம், மறு புறம் எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்து. அதுதான் அவர் பாணி. தான் ஷின்பெய் என்ற நாடக நடிகரைப் போர்வீரன் வேஷத்தில் அவர் எழுதிய குப்பி பிரசித்தம். படத்தின் ஓரத்தில் வருஷமும் போட்டிருப்பார்கள். ஆனால் அது நம் பிரபவ, விபவ மாதிரி அறுபது ஆண்டுச் சுற்று. பிரபவ என்றால் 1867ஆ, 1927ஆ என்று நாம் விழிப்பதுபோல் அங்கேயும் விழிக்க வேண்டும். எழுதியவர் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை தொழில் செய்தார் என்று தெரிந்தால்தான் முடிச்சு அவிழும். படத்தில் உள்ளவர் யார் என்று தெரிந்தாலும் அவிழும். ஒரு ஜனாதிபதியின் முகம் அவர் ஜனாதிபதியாவதற்கு முன் குப்பிக்குள் வந்திருக்காது அல்லவா? வர்ணம் பளிச்சென்று, போட்டோ எடுத்தாற்போல் துல்லியமாக வெள்ளைக்காரத் தலைவர்களும் நாய் பூனைகளும் இருந்தால், பெரும்பாலும் 1970க்குப் பிந்திய பட்டறை வேலை. ஹெபெய் மாகாணத்து ஹெங்ஷுய் நகரம் இதற்குப் பேர் போனது.

எந்தக் குப்பியிலும் லாங் ஷிநிங்கின் கை இருக்கிறது என்று நிரூபிக்க முடிந்ததில்லை. அவர் போட்ட விதையில் முளைத்தவை என்று சொன்னால் சரி. அவரே எழுதியது என்று விலை சொன்னால் வாங்குகிறவர் தம் பணப்பையைப் பத்திரப்படுத்திக்கொள்வது நல்லது.

நீரூற்று மாளிகை

1747இல், அதாவது ஆயர் சான்ஸின் தலை விழுந்த அதே ஆண்டில், ஒரு மேனாட்டு நீரூற்றின் படத்தைப் பார்த்துச் சியென்லுங் மயங்கினார். இப்படியொன்று இங்கே கட்ட முடியுமா என்று காஸ்டில்யோனேயைக் கேட்டார். பெனுவா என்ற பிரெஞ்சுப் பாதிரியாரால் முடியும் என்றார் அவர். பெனுவா வான சாஸ்திரம் படித்தவர், நீரூற்று கட்டியவரல்லர். ஆனாலும் கட்டினார்!

பீக்கிங்குக்கு வெளியே யுவான்மிங்யுவான் என்ற கோடை மாளிகைத் தோட்டத்தில் ஒரு மூலையில் சலவைக் கல்லில் மேனாட்டு மாளிகைகள் எழும்பின. கட்டட அமைப்பு காஸ்டில்யோனேயுடையது, நீர் வேலை பெனுவாவுடையது. ஒரு மாளிகையின் முன் பன்னிரண்டு ராசி மிருகங்களின் தலைகள். ஒவ்வொன்றும் தன் முறை வரும்போது இரண்டு மணி நேரம் தண்ணீர் பீச்சும். நடுப்பகலில் பன்னிரண்டும் சேர்ந்து பீச்சும். ஐரோப்பாவாக இருந்தால் அங்கே ஆடையில்லாத தேவதைகள் நின்றிருப்பார்கள். சீனத்து மரியாதைக்கு அது ஒவ்வாது என்பதால் எலியும் முயலும் குரங்கும் வந்தன என்பார்கள்.

1860 அக்டோபரில் ஆங்கில, பிரெஞ்சுப் படைகள் அந்தத் தோட்டத்தைக் கொள்ளையிட்டன. எல்ஜின் பிரபுவின் உத்தரவின் பேரில் ஆங்கிலப் படை தீயிட்டது. மரக் கட்டடங்கள் சாம்பலாயின. காஸ்டில்யோனேயின் கல் தூண்கள் மட்டும் முறிந்து கிடக்கின்றன. அந்த யுத்தத்தில் இந்தியப் பட்டாளங்களும் இருந்தன. சென்னை ஸாப்பர்ஸ் படையின் கொடியில் பீக்கிங் 1860 என்ற யுத்த விருது உண்டு. மிருகத் தலைகள் உலகமெங்கும் சிதறின. 2009இல் எலித் தலையும் முயல் தலையும் பாரிசில் ஏலத்துக்கு வந்து பெரிய ரகளையாகி, 2013இல் சீனாவுக்குத் திரும்பின.

கடைசி ஆண்டுகள்

1757இல், சீனக் கணக்குப்படி அவருக்கு எழுபது வயது நிறைந்தபோது, சியென்லுங் பட்டும் அங்கியும் மாலையும் கொடுத்து, தம் கையாலேயே நான்கு எழுத்தில் வாழ்த்து எழுதிக் கௌரவித்தார். மேளதாளத்தோடு ஊர்வலமாக அந்தப் பரிசுகள் பாதிரிமார் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. மூன்று முறை முழந்தாளிட்டுக் கேட்டதைத் தவிர மற்றதெல்லாம் கிடைத்தது.

அதன் பிறகும் ஓய்வில்லை. மத்திய ஆசியாவில் சியென்லுங் பெற்ற வெற்றிகளைப் பதினாறு யுத்தச் சித்திரங்களாக எழுதி, பாரிசுக்கு அனுப்பிச் செப்புத் தகட்டில் வெட்டி அச்சிட வேண்டும் என்று 1765இல் கட்டளை. நான்கு மேனாட்டு ஓவியர்களுக்கு அந்த வேலை. தலைவர் காஸ்டில்யோனே. பாரிசில் வேலை முடிந்து முழுத் தொகுதியும் வருவதற்கு 1770களின் நடுப்பகுதி ஆகிவிட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை.

1766 ஜூலையில், எழுபத்தெட்டாவது பிறந்த நாளுக்குச் சில தினங்களே இருக்கையில், பீக்கிங்கில் அவர் காலமானார். காங்ஷி காலத்திலிருந்து உழைத்தவர் என்று புகழ்ந்து, உதவி மந்திரி அந்தஸ்து வழங்கி, அடக்கச் செலவுக்கு முந்நூறு தேல் வெள்ளி கொடுக்கும்படி சியென்லுங் ஆணையிட்டார். இயேசு சபையின் பழைய இடுகாட்டில், மத்தேயோ ரிச்சி முதலியவர்கள் உறங்கும் இடத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். 1900இல் பாக்ஸர் கலகக்காரர்கள் அந்த இடுகாட்டைச் சூறையாடினார்கள். பின்னர் கற்களைத் தேடி எடுத்து மறுபடி நிறுத்தினார்கள். பெய்ஜிங்கில் அதிகாரிகளுக்குப் பயிற்சி அளிக்கும் கல்லூரி ஒன்றின் வளாகத்துக்குள் இருக்கிறது அந்த இடம். லத்தீனிலும் சீனத்திலும் எழுத்துப் பொறித்த அவருடைய கல்லும் அங்கே மரங்களுக்கிடையே நிற்கிறது. சீன எழுத்தில் உள்ள பெயர் லாங் ஷிநிங்.